கடலில்லா ஊரில் ஒரு கடல் கணக்கு!

திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? போன பௌர்ணமி வரைக்கும் எனக்கும் தெரியாது பாஸ்!

கிரிவலம், 14 கி.மீ. கூட வந்தவன் என் ரூம்மேட். மீனவர் மூர்த்தி மேகவன் 2012-ல் சர்ஃப் பள்ளி ஆரம்பிச்சாரே, அந்தச் சென்னை கோவளத்துக்கு லீவு விட்டா ஓடிப்போய் அலைச்சறுக்கு பழகுறவன். பார்ட் டைம் வேலைக் காசைச் சேர்த்து, அடுத்து ஃபாயில் போர்டு வாங்கப் போறானாம். போர்டுக்கு அடியில் ஒரு கம்பம், அதன் நுனியில் விமான இறக்கை மாதிரி ஒண்ணு. வேகம் பிடிச்சா, போர்டு தண்ணிக்கு மேலே எழும்பிப் பறக்கும்!

"நாலடி போர்டுதான்டா கெத்து. வீடியோவுல அதுலதான் பறக்குறாங்க!"

இந்திர லிங்கத்தில் விறுவிறுன்னு கிளம்பினவன், எம லிங்கத்திலேயே 'அப்பாடா'ன்னு உட்கார்ந்துட்டான். எங்களைத் தாண்டி ஒரு பாட்டி வெறுங்காலோட நிதானமா போயிட்டே இருந்தாங்க.

அங்கேதான் கணக்கு போட்டோம். போர்டின் கன அளவு ஒரு லிட்டர்னா, சுமார் ஒரு கிலோவைத் தாங்கும். இவன் 60 கிலோ. நாலடி போர்டு 30 லிட்டர்னு வெச்சுக்கிட்டா, படுத்துக் கையால் துழாவும்போதே போர்டு முங்கிடும். அலை நழுவிடும்! பறக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சின்ன போர்டு சுகம்... லேசு, சட்டுனு திரும்பும். புதுசா பழகுறவனுக்கு 5 அடியை ஒட்டி, 40 லிட்டருக்கு மேலே இருந்தா அலையைப் பிடிக்கிறது சுலபம்.

ஈசான்ய லிங்கம் வந்தப்போ விடிஞ்சிருந்தது.

"அஞ்சடியே வாங்கிக்கிறேன்டா" என்றான், காலைத் தேய்ச்சுக்கிட்டே.

கெத்து? அது மெதுவா வரட்டும் பாஸ்!