கிளச்சைப் பிடித்தால் அடங்கும் சத்தம்

“சத்தம் எங்க எண்டதை விடுங்கோ தம்பி. எப்ப வருது?”

பாப்பாமோட்டையில் வீதியோரத் தகரக் கொட்டிலில் இருந்த மெக்கானிக் அண்ணை என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எஞ்சினின் வலப்பக்கத்தைக் கையால் காட்டி ‘கட கட’ என்று நான் சொல்லத் தொடங்கியிருந்தேன். அவர் என் கையைப் பார்க்கவேயில்லை. நிற்கும்போது வருமா, ஓடும்போது வருமா, கியரில் போட்டால் கூடுமா, முறுக்கியதை விட்டால் மாறுமா? பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் ஓட்டுகிற வண்டி அது.

வேறோர் ஊரில் ஏற்கெனவே ஒரு கராச்சில் கொடுத்து, ரைமிங் செயினை மாற்றிக் காசும் கட்டியிருந்தேன். சத்தம் அப்படியே இருந்தது. அதைச் சொன்னபோது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. “உங்கட வண்டிக்கு ரைமிங் செயின் இடப்பக்கமெல்லோ” என்று மட்டும் சொன்னார். பிறகு எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், நெருப்பாகச் சுட்டது. “விட்டிட்டுப் போங்கோ. விடிய வாங்கோ.”

திருக்கேதீச்சரத்துக்கும் விடத்தல்தீவுக்கும் இடையே ஏ32 வீதியில் இருக்கிற ஊர் இது. மீன் வியாபாரிகளின் மோட்டார் சைக்கிள்கள் ரெஜிபோம் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் பறக்கும். பெட்டிக்குள் மீனும் ஐஸும். கரை மணலில் அந்தப் பாரத்தோடு வண்டியைக் கிளப்ப அரைக் கிளச்சில் முறுக்கத்தான் வேண்டும். அவரிடம் வருகிற வேலையில் பெரும்பங்கு கிளச் பக்கத்து வேலையாக இருப்பதற்கு அந்த மணல்தான் காரணம் என்கிறார்.

மறுநாள் நான் போனபோது வண்டி ஆறிக் கிடந்தது. ஒரே உதையில் கிளப்பிவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து பேசாமல் கேட்டார். பிஸ்ரன் ஆடுகிற சத்தமென்றால் குளிரில் பெரிதாகவும் சூடேறச் சூடேறக் குறைந்தும் போகும். என் வண்டியில் தலைகீழாக நடந்தது. கால் மணி நேரத்தில் ஒயில் இளகியதும் கடகடப்பு கூடியது. கிளச்சைப் பிடித்தார், அடங்கியது. விட்டார், திரும்ப வந்தது. நீளமான ஸ்குறூ டிறைவரின் நுனியைக் கிளச் மூடியில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டு என்னையும் கேட்கச் சொன்னார். பெயாறிங் போயிருந்தால் ‘உர்ர்’ என்று இழுக்குமாம். இது தட்டுகிற சத்தம். வீதியில் ஓட்டிப் பார்த்தபோது எந்தக் கியரிலும் சத்தம் எஞ்சினோடுதான் ஏறி இறங்கியது, சில்லின் வேகத்தோடு அல்ல. ஆகவே பின்செயினும் இல்லை.

இவ்வளவுக்கும் ஒரு ஆணியும் கழற்றப்படவில்லை.

எஞ்சினின் பலம் கியர்ப்பெட்டிக்குப் போகிற முதற்படியில்தான் விஷயம். கிராங்க் தண்டின் நுனியில் ஒரு சின்னப் பற்சில்லு, அது சுழற்றுகிற பெரிய பற்சில்லு கிளச் பாஸ்கற்றின் முதுகில். ஒற்றைச் சிலிண்டர் நாலடிப்பு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. வெடித்த கணத்தில் பல்லைத் தள்ளும், அடுத்த கணம் தளரும். அந்த அடியை வாங்கத்தான் பெரிய சில்லுக்கும் பாஸ்கற்றுக்கும் நடுவே ஸ்பிறிங்கோ றப்பரோ வைத்து றிவிற் அடித்திருப்பார்கள். அது தளர்ந்தால் நின்றபடியே எஞ்சின் ஓடும்போது இரும்பு இரும்போடு தட்டும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. காபரேற்றரில் ஐடிலைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் தட்டல் குறைந்ததுபோல் இருக்கும். “அது சத்தத்தை நித்திரையாக்கிறது” என்றார்.

திறப்பதற்கு முன் ஒயில் குச்சியை எடுத்து மோந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் வன்னியில் தொழில் பழகியவர் அவர். பெற்றோலைச் சொட்டாக விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதே ஒயிலில்தான் கிளச்சும் இந்தப் பற்சில்லுகளும் ஊறிக் கிடக்கின்றன. எத்தனையோ எஞ்சின்களின் பற்கள் அப்படித்தான் தேய்ந்தன. 2022 இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பெற்றோல் தந்த நாட்களில் அந்தப் பழைய மணம் சில வண்டிகளில் திரும்ப வந்ததாம்.

ஒயிலை வெள்ளைத் துணியில் வடித்தார். காந்தத்தில் மெல்லிய உருக்குத் தூள் ஒட்டியது. மூடியைக் கழற்றியதும் கிராங்க் நுனி நட்டைத்தான் முதலில் பார்த்தார். சில வண்டிகளில் அந்த நட் தளர்வதே முழு வியாதி, இறுக்கினால் வேலை முடிந்தது. என்னுடையது இறுக்கமாக இருந்தது. பிறகு பாஸ்கற்றைக் கையிலெடுத்து, பெரிய சில்லைப் பிடித்துத் திருகினார். ஆடியது. எனக்கே கைக்குத் தெரிந்தது.

“வெல்டிங் வச்சுத் தாங்கோ அண்ணை” என்றேன். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திவைத்த காலத்தில் ஓட்டை வண்டியைக் காப்பாற்றியே பழகிப்போன புத்தி. அவர் மறுத்துவிட்டார். வெல்டிங் வைத்தால் ஸ்பிறிங் செத்துவிடும், அடி முழுவதும் பல்லுக்குப் போகும், சூட்டில் பல்லின் உறுதியும் போகும். சின்னச் சில்லையும் சேர்த்துச் சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். தேய்ந்த பல்லோடு புதுப் பல்லைக் கூட்டினால் கடகடப்புப் போய் ஊளை வரும். செலவு கூடத்தான். எனக்குக் கசந்தது, ஆனால் அவர் சொன்னதுதான் சரி. சாமான் மன்னார் ரவுணிலிருந்து வரும்வரை அரை நாள் வாங்கில் குந்தியிருந்தேன்.

இப்போது கிளச்சை விட்டாலும் பிடித்தாலும் எஞ்சினின் குரல் ஒன்றுதான்.

அவரிடமோ அவரைப் போன்ற வேறொருவரிடமோ போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வண்டியை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டுபோய் உடனே சத்தத்தைக் கேட்கச் சொல்லாதீர்கள். முதல்நாள் பின்னேரமே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். ஆறிய எஞ்சினின் முதல் சத்தத்தை அவர் தன் காதால் கேட்கவேண்டும்.