நீண்ட இரவுக்கு ஓர் அறை

ஆசியப் பெருநிலத்தின் தென்முனை எங்கள் ஜொகூரில்தான் இருக்கிறது. பொந்தியான் மாவட்டத்துச் சதுப்புநிலக் காட்டோரம், தஞ்சோங் பியாய். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைதான் வடக்கே. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பகலும் இரவும் சரிபாதி. தையானாலும் ஆடியானாலும் காலை ஏழு மணியை ஒட்டிச் சூரியன் வரும், மாலை ஏழை ஒட்டிப் போகும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து நானும் என் மனைவியும் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பிப் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இறங்கினோம். 60 பாகை வடக்கு. பகல் ஏழு மணி நேரம்தான். டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்திருந்தால் ஆறு மணி நேரம்கூடத் தேறாது.

விடுதி தேடும்போது முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். மலாக்கா, பினாங்கு போகும்போது "தூங்கத்தானே அறை, எதுவா இருந்தா என்ன?" என்று கேட்பவர்கள் நாம். வெயில் இருக்கும்வரை வெளியே சுற்றுகிற ஊர்களுக்கு அது சரி. வடக்கே குளிர்காலத்தில் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கும். காற்று முகத்தை அறுக்கும். நாளின் பெரும்பகுதி கூரைக்குக் கீழேதான் கழியும். ஆகவே அறையின் விலையோடு அந்த விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், மிரட்டும் விலை என்று நாம் ஒதுக்கிவைத்த நாடுகள் கைக்கு எட்டிவிடுகின்றன.

முதலில் காலை உணவு. பின்லாந்து, சுவீடன் விடுதிகள் பலவற்றில் அது அறை வாடகையிலேயே சேர்ந்துவிடும். ரை என்னும் தானியத்து ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, பாலாடைக்கட்டி, ஊறவைத்த ஹெர்ரிங் மீன், காட்டுப் பெர்ரிப் பழங்கள், எத்தனை கோப்பை வேண்டுமானாலும் காப்பி. நன்றாகச் சாப்பிட்டால் மதியத்துக்கு ஒரு சூப் போதும். ஹெல்சிங்கியில் முதல் நாள் காலையில் என் மனைவி கைப்பிடியளவு ஒரு பலகாரத்தை எடுத்துப் பிட்டுப் பார்த்தாள். மெல்லிய ரை மாவு ஓடு, விளிம்பைக் கொசுவிக் கொசுவி மடித்திருந்தார்கள், நடுவில் வெள்ளையாய் ஏதோ. "இங்க பாருங்க, அரிசிக் கஞ்சியை மாவுல வச்சுச் சுட்டிருக்காங்க!" என்றாள். கரேலியப் பகுதியின் பலகாரம் அது. மேலே வெண்ணெயில் மசித்த அவித்த முட்டையைத் தடவிச் சாப்பிடுகிறார்கள். நெல் விளையாத நாட்டில், பனி மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி சாப்பிட்ட மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

அடுத்தது வெப்பம். எளிய விடுதியிலும் அறை குளிர்ந்து நாங்கள் பார்க்கவில்லை. ஹெல்சிங்கியிலும் ஸ்டாக்ஹோமிலும் சூடான நீரைப் பெரிய நிலையங்களிலிருந்து தரைக்கடியிலுள்ள குழாய்கள் வழியே நகரம் முழுக்கக் கொண்டுபோகிறார்கள். கட்டடங்களுக்கு அதுதான் கணப்பு. ஜன்னல்களுக்கு இரண்டு, மூன்று அடுக்குக் கண்ணாடி. பின்லாந்தில் விடுதி என்றால் சவுனா என்னும் வெப்பக் குளியல் அறையும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் தங்குவோருக்கு அது இலவசம். 2020-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறிய பழக்கம் அது. குடிநீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

இடம் முக்கியம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் விடுதி இருக்கட்டும். நடைபாதைகளில் பொடிக் கல் தூவியிருந்தாலும் பனிக்கட்டி வழுக்கும், பெட்டியின் சக்கரம் பனியில் உருளாது. புறநகரில் பத்து யூரோ மிச்சப்படுத்தி டாக்சிக்கு முப்பது கொடுப்பதில் அர்த்தமில்லை.

இனி எனக்குப் பெரிய வியப்பைத் தந்த செய்திக்கு வருகிறேன். அங்கே கப்பலும் ஒரு விடுதிதான். ஹெல்சிங்கியிலிருந்து மாலை ஐந்து மணியை ஒட்டிக் கிளம்பும் பயணக் கப்பல் மறுநாள் காலை பத்துக்கு ஸ்டாக்ஹோமில் நிற்கிறது. ஒரு கேபினுக்கு இவ்வளவு என்றுதான் விலை. நான்கு பேர் போனால் நான்காய்ப் பிரித்துக்கொள்ளலாம். பயணமும் படுக்கையும் ஒரே செலவில் முடிந்துவிடும். இவ்வளவு மலிவாக எப்படி முடிகிறது என்பதற்கு ஒரு காரணம் நள்ளிரவு தாண்டித் தெரியும். கப்பல் ஓலாந்துத் தீவின் மரியேஹம்ன் துறைமுகத்தைத் தொட்டுப் போகும். அந்தத் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அதைத் தொடும் கப்பல்களில் வரியில்லாமல் பொருள் விற்கலாம். ஒன்றிய நாடுகளுக்கு இடையிலான மற்ற வழித்தடங்களில் அந்தச் சலுகை 1999-இல் நின்றுபோயிற்று. கடை வருமானம் கேபின் விலையைத் தாங்குகிறது.

விலை குறைந்த கேபின்கள் கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே. ஜன்னல் கிடையாது. நாங்கள் அங்கேதான் படுத்தோம். விளக்கை அணைத்த பிறகு, தலைமாட்டுச் சுவருக்கு வெளியே கரகரவென்று ஒரு சத்தம். நிற்கும், மறுபடி தொடங்கும். பனிக்கட்டி. பால்டிக் கடல் நீரில் உப்பு மிகக் குறைவு. பெருங்கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு என்றால், ஹெல்சிங்கியை ஒட்டி ஒரு பங்குகூட இல்லை. அதனால் கரையோரக் கடல் எளிதில் உறைகிறது. ஜொகூர் நீரிணையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கடல் கல்லாகி, அதைக் கப்பல் உடைத்துக்கொண்டு போவதைப் படுத்தபடியே கேட்டேன். எந்த நட்சத்திர விடுதியும் அந்த இரவைத் தந்திருக்காது.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைநகர விடுதிகள் வார நாள்களில் அலுவலாக வருபவர்களால் நிறையும். வெள்ளி, சனி இரவுகளில் பெரும்பாலும் விலை இறங்கும். கப்பலில் நேர்மாறு. வெள்ளி, சனியில் உள்ளூர்க்காரர்களே உல்லாசமாக ஏறிவிடுவார்கள். வார இறுதியில் நகரம், வார நடுவில் கப்பல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஆதாயம்.

ஸ்டாக்ஹோமிலும் கப்பலே கிடைத்தது, ஆனால் நகராதது. ஷெப்ஸ்ஹோல்மன் தீவோரம் கட்டி நிற்கும் 'ஆஃப் சாப்மன்', 1888-இல் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்ட மூன்று பாய்மரக் கப்பல். 1949-இல் இளைஞர் விடுதியானது. அடுக்குக் கட்டில், வட்டச் சன்னல், அதற்கு வெளியே உறைந்த நீரும் பழைய நகரத்து விளக்குகளும். இதே ஊரில் 1975-இல் மூடிய லோங்ஹோல்மன் சிறையிலும் தங்கலாம், கைதிகளின் அறைகள்தான் இப்போது படுக்கையறைகள். இத்தகைய சுவீடிய விடுதிகளில் விரிப்புக்கும் தலையணை உறைக்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள், நாமே கொண்டுபோனால் அந்தக் காசு மிச்சம். கிளம்பும்போது அறையை நாமே கூட்டிச் சுத்தம் செய்தாலும் சேமிப்பு உண்டு. பொதுச் சமையலறையில் சோறு வடித்து, கொண்டுபோன பருப்புப் பொடியைப் போட்டுச் சாப்பிட்டோம்.

ஆர்க்டிக் வட்டத்தருகே உள்ள ரொவானியெமிக்கு ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயில் உண்டு. சுமார் 12 மணி நேரம், இருவர் படுக்கும் அறை, மேல்தளத்து அறைகளில் குளியலறையும் இருக்கிறது. அதிலும் ஓர் இரவு வாடகை மிச்சம். ஆனால் கிறிஸ்துமஸ் நாள்களில் மட்டும் அந்த ஊர்ப்பக்கம் போகாதீர்கள், விலை உச்சத்தில் நிற்கும். பணம் இன்னும் இறுக்கமென்றால் ஹெல்சிங்கியிலிருந்து இரண்டு மணி நேரக் கப்பலில் எஸ்தோனியாவின் தாலினுக்குப் போய்விடலாம், அறை வாடகையும் உணவு விலையும் அங்கே குறைவு.

மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள்வரை விசா தேவையில்லை. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போனால் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஹெல்சிங்கிக்கு நேரடி விமானம். மேலங்கிக்கு ஆயிரம் வெள்ளி செலவழிக்காதீர்கள், ஜொகூர் பாருவில் பழைய உடைகள் விற்கும் பண்டல் கடைகளில் நல்ல கனத்த குளிராடை கிடைக்கும். ஜனவரிப் பின்பாதியில் புறப்படுங்கள். கப்பல் கேபினை முதலில் பதிவு செய்துவிட்டு, மற்ற இரவுகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.