தட்டிப் பார்த்தல்

'கைவினைப் பொருள்' என்ற சொல்லை மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் நான் யார் வாயிலும் கேட்கவில்லை. சட்டி, முறம், கூடை, சொப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் பெயர் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட ஒரு பொதுப்பெயர் அங்கே தேவைப்படவில்லை. அது கண்காட்சிக்காரர்களின் சொல். இயந்திரச் சரக்கு பெருகி, கையால் செய்தது அபூர்வமான பிறகு மதிப்புப் பெற்ற சொல்.

தை 5 அன்று திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் தீர்த்தவாரிக்காக இங்கே தென்பெண்ணைக்கு வருகிறார். ஆற்றங்கரையில் அன்று ஒருநாள் கடைகள். சுருளிக்கிழங்கு, கரும்பு, பிளாஸ்டிக் குடங்கள். ஓரமாக, நான் போயிருந்த வருஷம், கொஞ்சம் மண் சட்டிகளும் மூங்கில் முறங்களும்.

ஒரு கிழவி குழம்புச் சட்டி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழெட்டுச் சட்டிகளை எடுத்தாள். ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது விரல்முட்டியால் தட்டிக் காது கொடுத்தாள். விளிம்பில் ஒரு விரலைச் சுற்றி ஓட்டினாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள். "இது சரியா வேவலியே" என்று ஒன்றை ஒதுக்கினாள். செய்தவர் மறுக்கவில்லை. "அன்னிக்கி சூளையில காத்து மாறி அடிச்சிது ஆயா" என்றார். தேறிய சட்டிக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னாள். குறைத்தார்.

அங்கே நடந்ததை விமர்சனம் என்றே சொல்வேன். தீர்ப்புச் சொன்னவளுக்கும் கேட்டவருக்கும் மண், நெருப்பு, புளிக்குழம்பு பற்றிய அறிவு பொதுவாக இருந்தது. அதனால் தீர்ப்பில் அவமதிப்பு இல்லை. நகரத்துக் கண்காட்சியில் சட்டியை யாரும் தட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. 'அழகு' என்கிறார்கள், சொன்ன விலையைக் கொடுக்கிறார்கள். அதில் எதுவும் கொதிக்கப் போவதில்லை. ஆகவே வேகாத சட்டியும் அங்கே அழகாகிவிடுகிறது. பரிவு தரத்தைக் கேட்பதில்லை. கேட்பார் இல்லாத இடத்தில் தரம் மெல்ல அலங்காரமாகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் கிராமத்தைப் புனிதமாக்கும் பழைய காரியம்தான் நடக்கும். கிழவியின் கூர்மைக்குச் செய்தவர் பத்து ரூபாயை இழந்தார். தரம் அறிந்தவளிடம் பணம் இல்லை. பணம் இருப்பவருக்குத் தரம் தெரியாது. இவ்விருவருக்கும் நடுவே அவர் சட்டி வனைய வேண்டியிருக்கிறது.

கைத்தொழிலைப் பற்றிச் சிந்தித்த பெரியவர்கள் செய்தவனின் பெயரின்மையை ஓர் உயர்ந்த குணமாகக் கண்டார்கள். 1908-ல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி அப்படி. 1925-ல் ஜப்பானில் 'மிங்கெய்' என்ற சொல்லை நண்பர்களோடு உருவாக்கிய யானகி அப்படி. அகந்தை கரைந்த சிருஷ்டி என்ற தரிசனம் அது. அதன் கவர்ச்சியை நானும் உணர்ந்திருக்கிறேன். ஆனால் நம் ஊர்களில் பெயரின்மைக்கு இன்னொரு முகம் உண்டு. குயவர் என்றால் போதும், கூடை முடைகிறவர் என்றால் போதும். சாதிப் பெயர் இருக்கையில் ஆளின் பெயரைக் கேட்கும் அவசியம் ஊருக்கு இருந்ததில்லை. அகந்தை கரைவதற்கு முதலில் ஒரு 'நான்' அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதே. போலிக்கு எதிராக அது ஒரு வேலி. ஆனால் அதன் இயல்புப்படி அது பெயரை ஊருக்குத் தருகிறது. உளி பிடித்த கை இந்தத் தடவை சாதிக்குப் பதிலாக ஊரின் பின்னால் நிற்கிறது.

கிழவியின் தட்டல் வேண்டும். தட்டித் தேறியதற்கு முழுக் கூலி வேண்டும். செய்தவரின் பெயரும் வேண்டும். இவற்றில் ஒன்றைக் கொடுத்து மற்ற இரண்டையும் கேட்காமல் விடும் ஏற்பாட்டைத்தான் இதுவரை ஆதரவு என்று அழைத்து வந்திருக்கிறோம்.