அம்மா பார்த்த ஏரி

எங்கள் வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருக்கிறது. ஆனி பிறந்தால் குற்றாலச் சாரல் முற்றம் வரை வந்து எட்டிப் பார்க்கும். இப்பேர்ப்பட்ட ஊருக்கு வர என் அம்மாவுக்கு மட்டும் மனமில்லை. அப்பா காலமான பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டேன். கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரிலுள்ள வயலை விட்டு அசைய மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

சித்திரையில் நானும் அவரும் நேரிலேயே போனோம். அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"இத்தனை காலம் பெரியாத்துத் தண்ணியில சோறு தின்னேன். அது தேங்கி நிக்கிற இடத்தை ஒருதரம் காட்டு தாயி. அப்புறம் பார்ப்போம்."

மறுநாளே குமுளி மலைப் பாதையில் ஏறித் தேக்கடிக்குப் போய்ப் படகில் உட்கார்ந்தோம்.

சுமார் 3,000 அடி உயரத்தில், காட்டுக்கு நடுவே கிடக்கிறது அந்த ஏரி. நம் ஊர்க் குளம்போல வட்டமாக இல்லை. விரல்களை விரித்தாற்போல, மலைகளின் இடுக்குகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்திருக்கிறது. பரப்பு 26 சதுர கிலோமீட்டர். கோடையாதலால் நீர் இறங்கி, கரையில் செம்மண் தெரிந்தது. தூரத்தில் ஒரு யானை குட்டியோடு நின்றது.

தண்ணீரின் நடுவே பட்ட மரங்கள் கரேலென்று நின்றன, உச்சியில் நீர்க்காகங்கள்.

"இதென்ன, தண்ணிக்குள்ள மரம்?" என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1887-இல் தொடங்கி 1895-இல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த அணை; சுண்ணாம்பும் செங்கற்பொடியும் குழைத்து எழுப்பிய 176 அடி உயரம். அரபிக்கடலுக்குப் போன ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அப்போது மூழ்கிய காட்டின் மிச்சந்தான் இந்த மரங்கள்.

"ஆறு பொறக்கிறது எங்கே?"

"எங்க பக்கந்தான் அம்மா. தென்காசிக்கு வடக்கே சிவகிரி மலையில். அங்கிருந்து வடக்கே ஓடி வருகிறது."

அம்மா என்னையே பார்த்தாள். "அப்போ உன்னைக் கட்டிக் கொடுக்கிறதுக்கு முந்தியே உங்க ஊர்த் தண்ணியைத்தான் நான் குடிச்சிருக்கேன்!" என்று சிரித்தாள். பிறகு கரை சேரும் வரை பேசவே இல்லை; அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரரிடம் வயலைக் குத்தகைக்குப் பேசிவிட்டாள்.

இப்போது சாரல் காலம். திண்ணையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். வடக்கே மேகம் கறுத்தால் உள்ளே குரல் கொடுப்பாள்:

"ஏ தாயி, அந்த மலைக்கு அந்தண்டை பெய்யிற மழை நம்ம வயலுக்குப் போயிடுமில்ல?"

"போகும் அம்மா" என்பேன்.

அப்புறந்தான் காப்பியைக் கையில் வாங்குவாள்.