கிடாயைப் பிரித்து வைக்கும் மாதங்கள்

"ஆட்டுக்கு ஏது காலம், எப்பவும் சினைப்படும்" என்று எங்கள் வாகரைப் பக்கத்தில் சொல்வார்கள். உண்மைதான். ஐரோப்பிய ஆடுகள் பகல் சுருங்கும் இலையுதிர் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். நமக்கோ ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. நம் ஆட்டின் பருவத்தை ஆட்டுவிப்பது மழையும், மழைக்குப் பின் தளிர்க்கும் குழையும் புல்லும்தான்.

சினைப்படும் என்பதற்காகக் கிடாயை எப்போதும் ஆடுகளோடு விட்டுவிடலாமா? சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். வைகாசி, ஆனியில் கிடாய் சேர்ந்தால் ஐப்பசி, கார்த்திகையில் குட்டி விழும். பனிச்சங்கேணிக் களப்பு நிரம்பி, பட்டியெல்லாம் சேறாகும் மாரி அது. ஈரத்தில் பிறந்த குட்டியைக் குளிரும் சளியும் கொண்டுபோய்விடும். தாயும் மேயப் போக முடியாமல் பால் வற்றி நிற்கும். அதனால் வைகாசி முதல் கிடாயைப் பிரித்துவிடுவேன். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் கட்டவேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் கட்டினால் பயனில்லை.

ஆவணி பிறந்ததும் ஆடுகளுக்குத் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கூட்டிக் கொடுப்பேன். கோடையில் மெலிந்த ஆடு பருவத்துக்கு வராது, வந்தாலும் ஒரு குட்டியோடு நின்றுவிடும். இரண்டு மூன்று கிழமைத் தீனியில் உடம்பு தேறும்போது இரட்டைக் குட்டிக்கு வாய்ப்புக் கூடுகிறது. பிறகு ஆவணிக் கடைசியில் கிடாயை உள்ளே விடுவேன். பல நாள் படாத கிடாய் வாடை பட்டதும், அடங்கிக் கிடந்த ஆடுகள் சில நாட்களிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்த நாட்களில் விடியற்காலையும் மாலையும் பட்டியில் நிற்பேன். பருவத்துக்கு வந்த ஆடு ஓயாமல் கத்தும், வாலை விடாமல் ஆட்டும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் பெய்யும், அதன் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருக்கும். முதலில் கண்ணாடிபோல் தெளிவாக வழியும் சளி, நேரம் போகப் போக வெளுத்துத் தடிக்கும். கிடாய் மூத்திரத்தை மோந்து மேலுதட்டைச் சுருட்டும். பருவம் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும்; முட்டை வெளிவருவது அதன் கடைசிப் பகுதியில். ஆகவே காலையில் கண்டால் மாலையிலும், மறுநாள் காலையிலும் சேர்ப்பேன். தப்பினால் சுமார் 21 நாளில் திரும்பி வரும்.

கிடாயை இரண்டு ஆண்டுக்குள் மாற்றுங்கள், அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன். கிடாய்க் குட்டியை நாலாம் மாதத்தில் பிரித்துவிடுங்கள். அந்த வயதிலேயே அது சினைப்படுத்திவிடும்.

ஆவணிக் கடைசியில் சேர்ந்தது தைக் கடைசியில் ஈனும். மழை ஓய்ந்து, தரை காய்ந்து, புல் நிறைந்திருக்கும். குட்டி மேயப் பழகும்போது மாரிப்போக நெல் அறுத்த வயல் அதற்குத் திறந்திருக்கும். வரும் வைகாசிக்கு முன் கிடாய்க்குத் தள்ளி ஒரு கொட்டில் போட்டுவிடுங்கள்.