முக்கால் சுற்று

ஆயில் ஃபில்டர் கழற்றும் நாளில் இறுகுவதில்லை. பூட்டிய நாளிலேயே அது இறுகிவிடுகிறது. கழற்ற வருபவருக்குச் செய்தி ஆறு மாதம் தாமதமாகக் கிடைக்கிறது, அவ்வளவே. செகந்திராபாத்தில், லாலாகுடா ரயில்வே பணிமனையை ஒட்டிய சந்து ஒன்றில் வசிக்கும் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவருக்கு இந்தச் செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிடைத்தது.

அவருடைய தந்தை அந்தப் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்து, ஊருக்குத் திரும்பாமலே ஓய்வுபெற்றவர். மகனுக்கு விட்டுச்சென்றது ஒரு மரப்பெட்டி நிறையக் கருவிகளையும், தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்ற வேண்டும் என்னும் பிடிவாதத்தையும். வண்டி ஒரு ஆம்னி. 1984இல் மாருதி வேன் என்று வந்து, பின்னர் பெயர் மாறி, 2019இல் உற்பத்தி நின்றுபோன அந்தப் பெட்டிவண்டியை இந்தியாவின் எத்தனையோ தெருக்களில் இன்றும் பள்ளிக் குழந்தைகளின் ஆரவாரத்தோடு காணலாம். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்னிருக்கைக்கு அடியில் எஞ்சின். இருக்கையைத் தூக்கினால் மேலிருந்து கொஞ்சம் தெரியும். மீதிக்குத் தரையில் படுக்க வேண்டும். சென்ற முறை கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த நேரம் என்பதால் அவர் படுக்கவில்லை. தெருமுனைப் பட்டறை ஒன்றில் வேலையை ஒப்படைத்திருந்தார்.

இவ்வகை ஃபில்டர் எப்படிக் கசியாமல் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெல்லிய தகர டப்பா, உள்ளே மடிப்பு மடிப்பான தாள், வாய்ப்புறத்தில் துளைகளிட்ட தடித்த தகடு, அதன் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். நடுத்துளையில் மரையிட்டு எஞ்சினின் குழாயில் திருகப்படுகிறது. கசிவைத் தடுப்பது மரை அன்று, ரப்பர்தான். வளையம் எஞ்சினைத் தொட்ட பிறகு பெரும்பாலான ஃபில்டர்களுக்குச் சொல்லப்படும் அளவு முக்கால் சுற்று. பரவலாகப் புழங்கும் மரை அளவுகளில், முக்கால் சுற்றுக்கு ரப்பர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அழுந்தும். அதற்குக் கை போதும், கருவி வேண்டாம். பூட்டுமுன் வளையத்தில் விரலால் ஒரு துளி ஆயில் தடவ வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த விதி. உலர்ந்த ரப்பர் வழுக்காது. முறுக்கிக்கொண்டு எஞ்சினைப் பற்றும். பிறகு சூடாகியும் ஆறியும் மாதக்கணக்கில் கெட்டிப்பட்டு, உலோகத்தோடு ஒட்டியே விடும்.

அந்த ஞாயிறன்று முன்சக்கரங்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு அண்டைக்கல் கொடுத்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, அடியிலுள்ள ட்ரெயின் பிளக்கைக் கழற்றினார். கறுத்த ஆயில் பழைய பெயிண்ட் வாளியில் இறங்கியது. எல்லாரும் செய்யும் வரிசைதான் இது. ஆனால் வரிசையை மாற்றிக்கொள்வதே நல்லது. முதலில் ஃபில்டரைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அது அசைந்தால்தான் ஆயிலை வடிக்க வேண்டும். அசையாவிட்டால் உள்ளே ஆயில் இருக்கும்வரை வண்டியைப் பட்டறைக்கேனும் ஓட்டிச் செல்லலாம்.

கையால் அசையவில்லை. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்தார். தகரத்தின் பெயிண்ட்தான் உரிந்தது. பெட்டியிலிருந்த பட்டை ஸ்பேனரை மாட்டினால், ஆயில் கசிந்த பரப்பில் அது சுழன்று வழுக்கியது. சோப்புநீரால் துடைத்து மறுபடி மாட்டினார். பட்டை பிடித்தது, டப்பா நசுங்கியது, ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. இதற்குள் திசைக் குழப்பம் வேறு. டப்பாவின் மூடிய முனையைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். அதையே எஞ்சின் பக்கமிருந்து கைவிட்டுத் திருப்பும்போது வலஞ்சுழியாகத் தோன்றும். உதவிக்கு வந்திருந்த தங்கை மகன் மேலிருந்தும், அவர் கீழிருந்தும் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். கடைசியில் சுண்ணக்கட்டியால் டப்பாவின் மேல் ஓர் அம்புக்குறி போட்டு வைத்தார்.

"மாமா, ஸ்க்ரூ டிரைவர அடிச்சு இறக்கித் திருப்பிடலாம். வீடியோல எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"இருடா மாப்ளே. ஓட்டை விழுந்தா அப்புறம் வழியே இல்ல."

வழி இருந்தவரை இருந்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு அதையும் செய்தார்கள். திருப்புளி டப்பாவைத் துளைத்து மறுபுறம் வந்தது. கைப்பிடியை அழுத்தியதும் தகரம் தாளைப் போலக் கிழிந்து, துளை நீண்டு வாயைப் பிளந்தது. இரண்டாம் முறையும் அதே கதை. பின்னர் டப்பா முழுவதும் பிய்ந்து கையோடு வந்துவிட, எஞ்சினில் எஞ்சியது அந்தத் தடித்த அடித்தகடு மட்டும். பிடிக்க இனி எதுவும் இல்லை. வண்டிக்குள் ஆயில் இல்லை, ஊற்றவும் முடியாது. திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முதல் குழந்தை தெருமுனையில் நிற்கும். மாற்று வேன் ஏற்பாடு செய்தால் அன்றைய வரும்படி மட்டுமா போகும்? இரண்டு முறை வராத வேன்காரரைப் பெற்றோர் மூன்றாம் முறை நம்புவதில்லை. சென்ற மழையில் ஒருமுறை அவர் ஏற்கெனவே வராமலிருந்தார்.

பட்டறைப் பையனைத் திட்டுவது இவ்விடத்தில் எளிது. தங்கை மகன் அதைக் குறைவின்றிச் செய்தான். ஆனால் அந்தப் பையனின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பதினைந்தோ பதினாறோ வயது. பெயர் எதுவானாலும் அழைப்பது சோட்டு. அவன் பூட்டிய ஃபில்டர் கசிந்தால் மறுநாளே வண்டி திரும்பி வரும், வாடிக்கையாளரின் முன்னிலையில் முதலாளியிடம் அடியோ வசவோ கிடைக்கும். அவன் அளவுக்கு மீறி இறுக்கினால் ஒருவரும் வரமாட்டார்கள். கசிவுக்குத் தரையில் தடயம் உண்டு, இறுக்கத்துக்கு இல்லை. ஆகவே கையால் முக்கால் சுற்று முடித்தபின் ஸ்பேனரை மாட்டி இன்னும் அரைச்சுற்று தருகிறான். அந்த அரைச்சுற்று அவன் தனக்காகச் செய்துகொள்ளும் காப்பீடு; தவணை கட்டுபவர் வேறொருவர். அரைச்சுற்றுக்காகப் பாராட்டு வாங்கியும் இருப்பான். 'நல்லா டைட்டா வை' என்பதுதான் நம் பட்டறைகளில் தரத்துக்குச் சொல்லப்படும் ஒரே விளக்கம்.

மாலை நான்கு மணியளவில் ஓட்டுநர் தந்தையின் மரப்பெட்டியை அடிவரை கவிழ்த்தார். இரும்பு வெட்டும் சிறிய உளி ஒன்று கிடைத்தது. அடித்தகட்டின் விளிம்பில், தகரம் மடித்துப் பிணைக்கப்பட்ட இடத்தில் அதன் முனையைச் சாய்வாக வைத்து, அம்புக்குறியின் திசை பார்த்து, சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. நடுவிலுள்ள மரைக்குழாயில் உளி பட்டால் எஞ்சினுக்கே சேதம். விளிம்பைத் தாண்டிப் போனால் வளையம் அமரும் பரப்பு கீறிவிடும். ஒரே இடத்தில் நான்கைந்து தட்டு, பிறகு உளியை அடுத்த இடத்துக்கு மாற்றி நான்கைந்து. அரை மணி நேரம் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் தகட்டில் இருந்த கீறல் ஒன்று எஞ்சினிலிருந்த கீறலை விட்டு ஒரு மயிரிழை விலகியிருந்ததைப் பையன்தான் டார்ச் வெளிச்சத்தில் கண்டான். அடுத்த கால்சுற்றுக்குள் அது கைக்கு இளகி, விரலால் சுழன்று வந்துவிட்டது.

ஆபத்தான நேரம் அதன் பிறகுதான் வந்தது. களைப்பும் நிம்மதியும் ஒன்றாய்ச் சேரும்போது கை தானாகப் புது ஃபில்டரைத் தேடும். தேநீர் கொண்டுவந்த மனைவி, படியில் கிடந்த பழைய தகட்டைத் திருப்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏங்க, இதுல ரப்பரையே காணோமே?"

குக்கர் மூடியிலிருந்து கேஸ்கட்டை நாள்தோறும் கழற்றிக் கழுவுகிறவருக்கு, வளையம் இல்லாத மூடி முதலில் கண்ணில் படுவது இயல்பு. ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பின் மேல் கறுப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தட்டுப்பட்டது. அதன் மேலேயே புது ஃபில்டரைப் பூட்டியிருந்தால் இரட்டை வளையம். எஞ்சின் வேகமெடுத்து ஆயில் அழுத்தம் கூடும் நேரத்தில் வளையங்களில் ஒன்று பிதுங்கி வெளியேறும். எஞ்சினிலுள்ள ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் சாலைக்குப் போய்விடும். ஆயிலின்றி ஓடும் எஞ்சின் எந்தச் சந்திப்பில் நிற்கும், பின்னால் என்ன வண்டி வரும் என்பதைக் குழந்தைகள் ஏறும் வண்டியில் கற்பனை செய்து பார்க்க அவர் விரும்பவில்லை. மூங்கில் குச்சியைச் சீவி, உலோகம் கீறாமல், வளையத்தைத் துண்டு துண்டாகச் சுரண்டி எடுத்தார். ஒன்பது துண்டுகள். படியில் வட்டமாக அடுக்கி, முழு வளையமும் வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகே துணியால் துடைத்தார்.

புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவிக் கையால் திருகினார். தொட்டது. முக்கால் சுற்று முடிந்தது. அப்போது அவருடைய வலக்கை பட்டை ஸ்பேனரை எடுத்துவிட்டது. காலையிலிருந்து இறுக்கத்தைச் சபித்தவர்தான். ஆனால் நாளைக்கு ஏறப்போகும் குழந்தைகளை நினைத்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கத் தோன்றாத மனிதர் யார்? பையன் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஃபில்டரின் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். நிறுத்தி, ஆயில் அளவைக் குச்சியால் பார்த்தார். மறுபடி ஓடவிட்டு, மறுபடி விரலை ஓட்டினார். பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி மூடி வைத்தார். சாக்கடையில் விடுவதில்லை என்பதும் தந்தை வழி வந்த பிடிவாதங்களில் ஒன்று. வண்டிக்கடியில் நேற்றைய தெலுங்கு நாளிதழை விரித்துவிட்டுத் தூங்கப் போனார்.

காலை ஐந்தரைக்குத் தாளில் இரண்டு சொட்டு இருந்தது. குனிந்து தொட்டு முகர்ந்தார். ஆயில்தான். டார்ச்சைப் பிடித்துப் பார்த்தபோது, நேற்று சட்டத்தின் மேல் வழிந்தது மெல்ல இறங்கிச் சொட்டியிருந்தது தெரிந்தது. ஃபில்டரின் கழுத்து உலர்ந்திருந்தது. துடைத்தார், புதுத்தாள் ஒன்றை விரித்தார், குளித்துவிட்டு வந்து மீண்டும் பார்த்தார். ஆறரை மணிக்கு வண்டி சந்தைவிட்டுக் கிளம்பியது.