மாட்டு வளர்ப்புக்குள் இருந்த வரலாறு

இரண்டாம் வருசம் கடைசி எக்ஸாமுக்கு ஆறு கிழமை இருக்கேக்க நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தை ஒளித்து வைத்தோம். களவெடுக்கவில்லை. நூலகத்துக்கு வெளியில்கூடக் கொண்டு போகவில்லை. வரலாற்றுத் தட்டில் இருந்ததை எடுத்து, மேல்மாடியில் கால்நடை வளர்ப்புப் புத்தகங்களுக்குள் செருகிவிட்டு வந்தோம். அவ்வளவுதான். அப்ப அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. சீனியர் ஒரு அண்ணாதான் இந்த உத்தியைச் சொல்லித் தந்தவர், அவருக்கு அவருடைய சீனியர்.

புத்தகம் கா. இந்திரபாலாவின் 'இலங்கையில் தமிழர்'. 2006இல் வந்தது. தடித்த புத்தகம். அறுபதுகளில் லண்டனில் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வில் தான் எடுத்த சில முடிவுகளை, நாற்பது வருசம் கழித்து அதே மனுசன் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்கிற புத்தகம். எங்கட மிஸ் முதல் விரிவுரையிலேயே சொல்லிவிட்டா: "இதைப் படிக்காமல் இந்தப் பாடத்தை எழுதலாம் எண்டு நினைக்காதேங்கோ." அந்தப் பாடத்தை எடுத்தவர்கள் நூற்று நாற்பது பேருக்குக் கிட்ட. நூலகத்தில் பிரதிகள் மூன்று. சொந்தமாக வாங்குவதென்றால் மகாபொல வருகிற மாதம் பார்த்து வாங்க வேண்டும். மகாபொல எந்த மாதம் வரும் என்பது இன்னொரு கட்டுரைக்குரிய விசயம்.

நூலகத்தின் பக்கம் அதிகம் போகாத ஜூனியர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மூன்று பிரதி இருந்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று இரவல் பகுதியில் இருக்கும், இரண்டு கிழமைக்கு வீட்டுக்குக் கொண்டு போகலாம். இன்னொன்று உசாத்துணைப் பகுதியில், திறந்த தட்டில் இருக்கும். முதுகில் பி.ஆர். என்று ஒட்டியிருக்கும், எடுத்து வாசிக்கலாம், வாசலைத் தாண்டாது. மூன்றாவதுதான் எஸ்.ஆர். அதாவது ஷெடியூல்ட் ரெபரன்ஸ். அது கவுண்டருக்குப் பின்னால் இருக்கும். மாணவர் அட்டையைக் கொடுத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குத் தருவார்கள், உள்ளேயே இருந்து வாசிக்க வேண்டும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு ஒருவர் இரவுக்கு எடுத்துக்கொண்டு போகலாம், அடுத்த நாள் காலை எட்டரைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிந்தினால் தண்டப்பணம் நாள் கணக்கில் இல்லை, மணித்தியாலக் கணக்கில்.

எந்தப் புத்தகம் கவுண்டருக்குப் பின்னால் போகும் என்பதை நூலகம் தானாக முடிவு செய்வதில்லை. விரிவுரையாளர்கள் செமஸ்டர் தொடங்க முன்னம் பட்டியல் அனுப்ப வேண்டும். நூலகத்தார் அந்தப் பட்டியலை வைத்துத் தட்டுகளில் தேடி எடுத்து, ஸ்டிக்கர் மாற்றி, கணினியில் இரவல் காலத்தை மாற்றி, தனி அலுமாரியில் அடுக்குவார்கள். செமஸ்டர் முடிய எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். பட்டியல் வராவிட்டால் போன வருசப் பட்டியல்தான். அந்த அலுமாரியில் ஓய்வுபெற்றுப் போன சேர் ஒருவருடைய பாடத்துக்கான புத்தகங்கள் இப்பவும் இருக்கின்றன, அந்தப் பாடமே இப்ப இல்லை. அவற்றைக் கேட்டு ஒருத்தரும் வருவதில்லை. அவை மட்டும் புதுசு மாதிரி இருக்கின்றன.

எங்கட கதைக்கு வருவோம். இரவல் பிரதி யாரோ ஒரு விரிவுரையாளரின் வீட்டில் இருந்தது. (விரிவுரையாளர்களுக்கு இரண்டு கிழமைக் கணக்குப் பொருந்தாது போல.) பி.ஆர். பிரதியை நாங்கள் மேல்மாடிக்கு அனுப்பிவிட்டோம். மிஞ்சியது எஸ்.ஆர். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரே ஆள் அடுத்தடுத்த இரண்டு இரவு எடுக்க முடியாது என்பது விதி. நாங்கள் ஐந்து பேர், கிழமையில் ஐந்து இரவு. திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று முறை வைத்தோம். நான்கு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போதே எங்களில் ஒருவர் கவுண்டரில் நிற்பார். ஒரு நாளும் தண்டப்பணம் கட்டவில்லை. ஒரு விதியையும் மீறவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் ஐந்து வேறு வேறு ஆக்கள், நல்ல பிள்ளைகள், நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள். ஆனால் அந்தப் புத்தகம் ஆறு கிழமையும் ஒரே அறையில்தான் படுத்தது.

படுத்தது என்று எழுதினது சும்மா இல்லை. புத்தகம் அறைக்கு வரும், மேசையில் வைப்போம், சமைப்போம், கதைப்போம், ஃபோன் பார்ப்போம். பதினொரு மணிக்கு ஒருத்தர் திறந்து பத்துப் பக்கம் வாசிப்பார், காலையில் எழும்பி அவதிப்பட்டுக் கொண்டு ஓடுவோம். ஆறு கிழமையில் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்தது இரண்டரை அத்தியாயம். புத்தகம் எங்களிடம் இருக்குது என்கிற நிம்மதியே படித்த மாதிரி ஒரு திருப்தியைத் தந்துவிட்டது.

எங்கட பட்ச்சில் ஒருத்தி, ஹொஸ்டல் கிடைக்காததால் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் வந்து போகிறவள். ஒரு நாள் எங்களில் முறைக்காரர் கவுண்டரில் நிற்கும்போது அவளும் நின்றாள். மூன்றேகால் இருக்கும். "ஐயா, இண்டைக்கு மட்டும் இப்ப தர ஏலாதோ? எனக்கு மூண்டு நாப்பதுக்குப் பஸ். அடுத்தது ஆறரைக்குத்தான்." கவுண்டரில் இருந்த ஐயா நல்லவர், ஆனால் அவர் கையில் ஒன்றும் இல்லை. "நாலுக்கு முன்னம் இரவுக்குக் குடுக்கேலாது பிள்ளை. அதோட காலமை எட்டரைக்குத் தர வேணும், உம்மட பஸ் எத்தினை மணிக்கு வருது?" எட்டு ஐம்பதுக்கு. பின்னேரம் இருபது நிமிசம், காலமை இருபது நிமிசம். இரண்டு பக்கமும் அவள் அந்த விதிக்கு வெளியில் விழுந்தாள். "பி.ஆர். கொப்பி தட்டில இருக்குமே, பாத்தீரோ?" என்று ஐயா கேட்டார். "இல்லை ஐயா, ரெண்டு கிழமையாத் தேடுறன்." எங்கட ஆள் பக்கத்தில் நின்று நோட்டீஸ் போர்டை வாசித்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு அறையில் இதைக் கதைத்தோம். ஒருத்தர் சொன்னார், நாளைக்குப் போய் அதைத் திரும்ப வைப்பம் என்று. இன்னொருத்தர், "வைச்சா அவளுக்கா கிடைக்கும்? மற்ற குறூப் எடுத்து வேற எங்கயும் ஒளிக்கும்" என்றார். அந்த வாதம் எங்களுக்கு வசதியாக இருந்தது. நித்திரைக்குப் போனோம்.

எங்கட ஊர்களில் நூலகம் என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது 1981. தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் எரிந்ததைப் பற்றி ஒவ்வொரு ஜூன் மாதமும் நாங்கள் பதிவு போடுகிறோம், இந்தத் தளத்திலேயே எங்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதே ஆள்தான் மேல்மாடிக்குப் புத்தகத்தைக் கொண்டுபோனவர். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

எக்ஸாமுக்கு நான்கு நாள் முந்தி ஒரு குப்பி நடந்தது. யார் எடுத்தது என்று ஊகித்திருப்பீர்கள். அவள்தான். விரிவுரைகளுக்கு இடையில் கிடைத்த நேரத்தில், இரண்டு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலமாக, எஸ்.ஆர். பிரதியைக் கவுண்டருக்குப் பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டு கையால் எழுதியிருக்கிறாள். இரண்டு சி.ஆர். கொப்பி நிறைய. பக்க இலக்கத்தோடு. 1965 ஆய்வேட்டில் என்ன சொல்லப்பட்டது, 2006இல் எது மாறியது, எந்தச் சான்றால் மாறியது என்று மூன்று நிரல் போட்டு வைத்திருந்தாள். வெண்பலகையில் அதை அப்படியே எழுதி விளங்கப்படுத்தினாள். கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான் வந்தது. குப்பி முடிய அந்தக் கொப்பிகளை எங்களிடமே தந்தாள், "நீங்கள் கிட்ட இருக்கிறனீங்கள், போட்டோகொப்பி அடிச்சு எல்லாருக்கும் குடுங்கோ. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்க நாங்கள் ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

எக்ஸாம் முடிந்த அன்று புத்தகத்தை எடுத்து அதன் இடத்தில் வைக்கலாம் என்று மேல்மாடிக்குப் போனோம். 636, கால்நடை வளர்ப்பு. அங்கே இல்லை. கீழே வந்தால் ஐயா தள்ளுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார், மேலே கிடந்தது அது. எங்களைப் பார்த்தார். "ஒவ்வொரு செமஸ்டரும் மாட்டு வளர்ப்புக்குள்ளதான் எனக்கு வரலாறு கிடைக்குது. போன தரம் புவியியல் முழுக்கச் சமையலுக்குள்ள இருந்தது." அவருக்குத் தெரியுமா, சந்தேகமா, நாங்கள் கேட்கவில்லை. எக்ஸாம் காலத்தில் ஒவ்வொரு தட்டாக இலக்கம் சரிபார்க்க ஆள் காணாது, அதால் முடிந்த பிறகுதான் பார்க்க முடிகிறது என்று மட்டும் சொன்னார். அதாவது புத்தகம் தேவைப்படுகிற நாட்களில் அது காணாமல் இருக்கும், தேவை முடிந்ததும் கண்டெடுக்கப்படும்.

அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் வாசித்தோம். குற்ற உணர்ச்சியால் வந்த வாசிப்புத்தான். எஸ்.ஆர். ரங்கநாதன் என்று ஒருவர், சென்னையில் கணித விரிவுரையாளராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். புத்தகம் பாதுகாக்கப்பட அல்ல, பயன்படுத்தப்பட என்பது முதலாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. (நாங்கள் முதலில் எஸ்.ஆர். பகுதிக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். இல்லை.) நான்காவதை வாசிக்கும்போது கேட்கத் தோன்றியது: எந்த வாசகரின் நேரம்? எட்டரையும் நான்கும் கம்பசைச் சுற்றி ரூம் எடுத்து இருக்கிறவர்களின் மணிக்கூடு. பஸ்ஸில் வருகிறவர்கள், பின்னேரம் ரியூஷன் கொடுத்து வீட்டுக்குக் காசு கொடுக்கிறவர்கள், பிள்ளையோடு படிக்க வருகிற அக்காமார், இவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் பெயர் எழுத வாய்ப்பே இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்பதால் அது நீதியாகத் தெரிகிறது. நாங்களும் அதே விதிக்குள் நின்றுதானே புத்தகத்தைப் பிடித்து வைத்திருந்தோம்.

மூன்றாம் வருசம் தொடங்கியதும் நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். அவளும் கையெழுத்து வைத்தாள். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. தூர இருந்து வருகிறவர்களுக்கு மூன்று மணிக்கே கொடுத்து, காலை ஒன்பதரை வரை நேரம் தர வேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்தால் திங்கள் திருப்பிக் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். தொடர்ந்து ஒரே ஆக்களின் வட்டத்துக்குள் புத்தகம் சுற்றினால் கவனிக்க வேண்டும். (இதை நாங்களே எழுதினோம், கை நடுங்கவில்லை.) நான்காவது, பாடத்துக்குத் தேவையான அத்தியாயத்தை மட்டும் பிரதி எடுத்து பொக்ஸ் பைலில் போட்டு கவுண்டரில் வைக்க வேண்டும்.

கடைசியைக் கேட்டதும் காப்புரிமை என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தோம், சொன்னார்கள். அதற்கும் வாசித்துக்கொண்டு போயிருந்தோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமான பயன்பாடு என்று சொல்கிற இடத்தில், வகுப்பறைக்காகப் பல பிரதி எடுப்பதையும் கற்பித்தலுக்குள் சேர்த்துச் சொல்கிறது. எவ்வளவு பகுதி, என்ன நோக்கம், புத்தகத்தின் விற்பனைக்கு என்ன பாதிப்பு என்று பார்க்க வேண்டும். முழுப் புத்தகத்தையும் அடித்து விற்கிறது வேறு, ஒரு அத்தியாயம் வேறு. தில்லிப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு எதிராக ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உட்பட மூன்று பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டதையும், 2016இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றதையும், அடுத்த வருசம் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டதையும் சொன்னோம். அது வேறு நாட்டுச் சட்டம் என்று நூலகர் சிரித்தார். ஆனால் கடிதத்தை வாங்கி வைத்தார்.

இரண்டு கிடைத்தது. வெள்ளி எடுத்தால் திங்கள் என்பது இப்ப நடைமுறையில் இருக்கிறது, பின்னேரம் இரண்டு மணியில் இருந்து எடுக்கலாம், திங்கள் பத்துக்குள் கொடுத்தால் சரி. பொக்ஸ் பைல், விரிவுரையாளர் பட்டியலும் பக்க இலக்கமும் தந்தால் மட்டும். எங்கட பாடங்களில் இரண்டு பேர்தான் இதுவரை தந்திருக்கிறார்கள். மிஸ் தன்னுடைய சொந்தப் புத்தகத்தையே கொண்டுவந்து கவுண்டரில் வைத்தா, முதல் பக்கத்தில் பென்சிலால் பேர் எழுதி. மூன்று மணி விசயம் நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது என்று சொன்னார்கள். எங்கே போனது என்று தெரியாது. வட்டம் போட்டு எடுக்கிறதைக் கவனிக்க ஆள் இல்லை.

போன வெள்ளி கவுண்டரில் பதிவேடு திறந்தபடி இருந்தது. முதல் வரியில் அவளுடைய பெயர், 2.05 என்று நேரம். நாங்கள் திங்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தோம்.

அவள் இந்தத் தளத்தை வாசிக்கிறவள். பெயர் போடவில்லை, ஆனால் இதுவரை வாசித்திருந்தால் ஆள் யார் என்று அவளுக்கு விளங்கியிருக்கும். ரெண்டு கிழமையாகத் தேடினாயே, 636இல் வைத்தது நாங்கள்தான். உன்ர கொப்பிகள் ரெண்டும் இன்னும் எங்கட அறையில இருக்கு. திங்கள் கொண்டுவாறம்.